டிஸ்சார்ஜுக்குப் பிறகு

இன்று பட்டம் பெறும் மருத்துவர்களே, செவிலியர்களே, இயன்முறை மருத்துவர்களே,

மறுவாழ்வு மருத்துவம் என் துறை. தண்டுவடத்தில் அடிபட்டவர்களோடுதான் என் பணிக்காலம் கழிந்தது. அதனால் அவர்களைப் பற்றியே பேசுகிறேன். பனையிலிருந்து தவறி விழுந்தவர், சாரம் சரிந்து கீழே வந்த கொத்தனார், மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதிய கல்லூரிப் பையன். நீங்கள் எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும் இவர்கள் உங்களிடம் வருவார்கள். ஒரே இடத்தில் பட்ட அடி, உடம்பில் ஒரு உறுப்பையும் விட்டுவைக்காது. கால் போகிறது என்று வெளியில் தெரியும். சிறுநீர்ப்பை, மலக்குடல், தோல், நுரையீரல், ரத்த அழுத்தம், உறக்கம், தாம்பத்தியம் எல்லாமே தடம் மாறுகின்றன என்பது வீடு போன பிறகுதான் குடும்பத்துக்குத் தெரியவரும்.

இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டு தாண்டுவதில்லை. அவர்களைக் கொன்றது முதுகெலும்பு முறிவு இல்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர் அவர். பெனிசிலின் அவருக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனால் அவர் பிடிவாதமாகச் செய்தது வேறு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைப்பது, இரவிலும். திருப்புகிறார்களா என்று பார்க்க நள்ளிரவில் தாமே வார்டுக்கு வருவார். நான்கு ஆண்டுகளில், 1948 லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவருடைய மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து வந்தது.

நமக்கு இன்னும் அருகில் ஒருவர் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் இளம் மருத்துவரான அவருடைய இரண்டு கால்களும் செயலிழந்தன. அங்கிருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அவரைத் திரும்ப அறுவை அரங்குக்கு அழைத்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சைகளைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூருக்கே திரும்பி வந்தார். 1966இல் வேலூரின் பாகாயத்தில் நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவதைக் கற்றுக்கொள்ளும் நோயாளிக்கு, அதையே தினமும் செய்கிற ஒரு டாக்டர் முன்னால் இருந்தார். அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். உயிர் காப்பதில் தமிழ்நாடு நிறையவே முன்னேறியிருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. முன்பு வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று பிழைக்கிறார்கள். இது மகத்தான காரியம். பிழைத்தவர் அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டு வாழ வேண்டும். அதற்கு நாம் அவருக்குத் தருவது என்ன? பெரும்பாலும் இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. ஆங்கிலத்தில். மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, முதுகுப் பராமரிப்பு, சிறுநீர்ப்பைப் பராமரிப்பு 'உறவினருக்கு விளக்கப்பட்டது' என்று ஒரு வரி. எந்த உறவினருக்கு? கையெழுத்துப் போட்டது சித்தப்பா. ராத்திரி கண் விழித்துத் திருப்பிப் போடப்போவது மனைவி. அவர் அந்த நேரம் கேன்டீனில் கஞ்சி வாங்க வரிசையில் நின்றிருப்பார்.

படுக்கைப்புண் எப்படி வருகிறது என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டுங்கள். சொல்லாதீர்கள், காட்டுங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே எலும்பு துருத்தும் இடத்தில் சிவந்திருப்பதை அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் இனிப் படுக்கக் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஏர் பெட் வாங்கிவிட்டால் திருப்ப வேண்டாம் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள்; அது தவறு. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் நம் வார்டுகளிலேயே இன்னும் இருக்கிறது. அதனால் பயனில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுவதுதான் சரி. செலவே இல்லாத வேலை.

சிறுநீர் விஷயமும் அப்படித்தான். டியூபை நிரந்தரமாக விட்டுவைப்பது நமக்கு எளிது, அவருக்குத் தொற்று. கை வேலைசெய்கிற நோயாளி நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூபைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு எடுத்துவிடலாம். அறுவை அரங்குச் சுத்தம் அதற்குத் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று அமெரிக்க மருத்துவர் லாப்பிடஸ் 1972இலேயே எழுதிக் காட்டினார். பத்தாம் வகுப்பு தாண்டாத எத்தனையோ பேர் இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொடுக்க உட்காரும் ஆள்தான் குறைவு.

ஒரு இரவுப் பணி உங்களுக்கு நிச்சயம் வரும். கழுத்தில் அடிபட்டுப் பல ஆண்டான ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மண்டை பிளக்கும் வலி, முகமெல்லாம் வியர்வை, ரத்த அழுத்தம் 180. ஸ்கேனுக்கு அனுப்பத் தோன்றும். அவருடைய வழக்கமான அழுத்தமே 100தான் என்பது நினைவிருக்கட்டும். உடன் வந்த அம்மா, "டியூப் மடங்கியிருக்கு டாக்டர், அதான் இப்படி" என்பார். கேளுங்கள். அவரை நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், டியூபை நேராக்குங்கள். டியூபில் மாட்டிய பை நிறையும், அழுத்தம் இறங்கும். மார்பின் ஆறாம் நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, நிறைந்த சிறுநீர்ப்பை ஒன்றே மூளையில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகலாம். அந்த வீட்டாருக்கு இது பாடம். நம்மில் பலருக்குத் தேர்வோடு மறந்துபோன பத்தி.

ஒரு விஷயத்தை மேடையில் சொல்லத் தயங்குவார்கள், நான் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதுப் பையன் உங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால், கல்யாணம், குழந்தை பற்றித்தான் கேட்கப்போகிறான். 'முதலில் உடம்பு தேறட்டும் தம்பி' என்று முதுகில் தட்டி அனுப்பாதீர்கள். தாம்பத்தியம் சாத்தியம், பலருக்கு மருத்துவ உதவியோடு குழந்தையும் சாத்தியம். நேராகப் பதில் சொல்லுங்கள்.

இத்தகைய நோயாளிக்கு எலும்புக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு ஒரு டாக்டர், புண்ணுக்கு ஒரு டாக்டர் இருப்பார்கள். அந்த ஆளுக்கு என்று ஒருவர் இருக்க மாட்டார். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். சீனியர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செவிலியராக இருக்கலாம், இயன்முறை மருத்துவராக இருக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசல் வரை போகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. வழி காட்ட இடம் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

நாளை பணியில் சேர்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியிலும், வீட்டில் செய்ய வேண்டியதைத் தமிழில், உங்கள் கையால், நாலு வரி எழுதுங்கள். அதை இரவில் கண் விழிக்கப்போகிறவரிடமே கொடுத்து, ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள்.