பள்ளித் தோட்டமும் பட்டங்களும்



பள்ளிக்கூடத்திற்கு ஓர் ஆண்டு உண்டு. மண்ணுக்கும் ஓர் ஆண்டு உண்டு. முன்னது ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிவது. பின்னதற்கு விடுமுறை என்பதே கிடையாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆர்வத்தோடு தொடங்கப்பெறும் காய்கறித் தோட்டங்கள் பல, தை பிறக்குமுன்பே புதர் மண்டிப் போகின்றன. நீர்க்குறைவைவிட, இவ்விரண்டு ஆண்டுகளையும் இணைத்துப் பாராமையே அதற்குப் பெருங்காரணம் என்பது என் எண்ணம்.

பட்டம் என்றதும் கல்லூரி நண்பர்கள் பட்டமளிப்பு விழாவை நினைத்துவிட வேண்டா. உழவர் மொழியில் அது விதைக்கும் பருவம். ஆடிப் பட்டம் ஜூலை நடுவில் தொடங்குவதால், பள்ளி திறந்தபின் மண்ணைக் கொத்தி மக்கிய எருவிட ஒரு மாதத்திற்கு மேல் கிடைக்கிறது. வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, அவரை ஆகியவற்றை அப்பொழுது ஊன்றலாம்.

வெண்டை ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில் காய்க்கும். அஃதாவது, காலாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில்! இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிடில் காய் முற்றி நாராகும். முற்றிய காயைத் தாங்கும் செடி புதுப் பூ விடுவதையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே, விதைக்கும் அன்றே விடுமுறைக்கான முறைப் பட்டியலையும் எழுதிவிடுதல் வேண்டும். பள்ளிக்கு அருகில் வாழும் பிள்ளைகள் நால்வர் போதும்.

பந்தல் அவரையின் கதை வேறு. ஆடியில் ஊன்றிய கொடி ஆவணியிலும் புரட்டாசியிலும் இலையாகவே படர்ந்து கிடக்கும். 'இது மலட்டுக் கொடி' என்று பிடுங்கி எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நம் நாட்டு அவரை பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும் இயல்புடையது. கார்த்திகைப் பனியில் பந்தல் முழுதும் பூவாகிவிடும். காய்த்துக் குலுங்குவதோ அரையாண்டு விடுமுறையில்! பட்டியலிலுள்ள நால்வருக்கும் வீட்டில் நல்ல பொரியல்தான்.

ஐப்பசி மழையில் செய்யவேண்டியது ஒன்றே: நீர் தேங்காமல் வடிகால் வெட்டுவது. கார்த்திகை இறுதியில் மேட்டுப் பாத்தியில் தக்காளி நாற்றுவிட்டு, இருபத்தைந்து நாளில் பிடுங்கி நட்டால் மாசியிற் பழுக்கும். முளைக்கீரைக்கு இத்தனை கணக்கு வேண்டா. மூன்று நான்கு வாரங்களில் பறித்துச் சத்துணவுக் கூடத்தில் கொடுத்துவிடலாம்.

கோடையில் நீர் இறைப்பார் இல்லையெனில், பங்குனியில் மண்ணைக் கிளறி வெயிலுக்கு விட்டுவிடுங்கள். கோரைக் கிழங்கும் புழுக்கூடுகளும் காய்ந்து மடியும். வேலியோரம் முன்பே நட்ட முருங்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். செடியிலேயே முற்றவிட்ட வெண்டைக் காய்களிலிருந்து விதையெடுத்து, உலர்த்தி, சாம்பலிற் புரட்டிக் கலயத்தில் இடுங்கள். பள்ளியை விட்டுச் செல்லும் வகுப்பினர் அக்கலயத்தையும் முறைப் பட்டியலையும் அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேர்வுக்குப் போகலாம்.