கலைஞர்க்கான ஆவணங்கள்: யூஜீன் அட்ஜேயின் தொழிலும் பார்வையும்



பத்தாண்டுகளாகக் கவிதையையே பேசிவரும் இவ்வவையில் ஓர் ஒளிப்படக்காரரைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு விடையாக அமைவது, கவிஞர்கள் தமக்குள் அடிக்கடி எழுப்பும் மற்றொரு வினா. பிறர் கேட்க எழுதுவது கலையாகுமா? கவியரங்கத் தலைப்புக்கும் வாழ்த்து மடலுக்கும் மலர்க் குழுவின் வேண்டுகோளுக்கும் எழுதப்படும் பாடலைத் தாழ்ந்ததென்றும், எவரும் கேளாமல் தானே சுரப்பதை உயர்ந்ததென்றும் பிரித்து வைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இப்பிரிவு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை அறிய, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாடிக்கையாளர்க்குப் படம் விற்றே வயிறு கழுவிய ஒருவரின் வாழ்வு நல்ல உரைகல்லாகும். அவர் பாரிஸ் நகரின் யூஜீன் அட்ஜே.

1857ஆம் ஆண்டு பிரான்சின் தென்மேற்கே லிபூர்ன் என்னும் ஊரில் பிறந்தார் அட்ஜே. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். சிறிது காலம் கப்பலில் வேலை பார்த்தார். பின்னர் நடிகராக வேண்டுமென்னும் வேட்கையுடன் பாரிஸ் வந்து, 1879இல் அரசு நாடகக் கல்லூரியில் இடம் பெற்றார். படைப்பணிக் கடமை குறுக்கிட்டமையால் படிப்பை முடிக்க இயலவில்லை. ஊர்ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களில் சிறு வேடங்கள் ஏற்றார். அங்கே வாழ்க்கைத் துணையாக வாய்த்தவர் வாலண்டீன் என்னும் நடிகை. குரல்வளை நோயுற்றபின் மேடையும் கைவிட்டது. ஓவியமும் தீட்டிப் பார்த்து, இறுதியில் ஒளிப்படத்தில் வந்து நின்றபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

1890 அளவில் பாரிசில் கடை விரித்த அவர், வாசலில் ஒரு பலகை மாட்டினார். ‘கலைஞர்க்கான ஆவணங்கள்’ என்பதே அதன் வாசகம். ஓவியருக்கு மரம் வேண்டுமா, மலர் வேண்டுமா, விலங்கு வேண்டுமா, பழைய கதவின் இரும்புப் பூவேலை வேண்டுமா, எல்லாம் அவரிடம் படமாகக் கிடைக்கும். எந்தப் பத்திரிகையிலும் நிலையத்திலும் அவர் ஊதியத்துக்கு அமர்ந்ததில்லை. படங்களைத் தொகுப்பேட்டில் ஒட்டிக்கொண்டு, ஓவியர், அரங்க அமைப்பாளர், கட்டடக் கலைஞர், அருங்காட்சியகத்தார், நூலகத்தார் என வீடுவீடாகச் சென்று விற்றார். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பார்ப்பதற்கு உகந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்த அவருடைய குறிப்பேடு இன்றும் எஞ்சியுள்ளது. ஒரு கலைஞரின் நாட்குறிப்பை எதிர்பார்த்து அதனைத் திறப்பவர் ஒரு சிறு வணிகரின் கணக்கு வழக்கையே காண்பர்.

அக்காலம் பாரிஸ் தன் பழைய உருவை இழந்துகொண்டிருந்த காலம். 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் பிரபு நிகழ்த்திய பெரும் இடிப்பும் அகன்ற சாலைகளும் நகரின் நடுப்பகுதியைப் புரட்டிப் போட்டிருந்தன. எஞ்சியதையேனும் காக்க வேண்டுமென்னும் கவலை பின்னரே பிறந்தது. பழம் பாரிசுக்கென ஒரு குழு 1897இன் இறுதியில் நகர மன்றத்தால் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ அவ்வாண்டுகளிலேயே அட்ஜேயும் பழைய தெருக்களின் பக்கம் திரும்பினார். இதில் அன்பும் உண்டு, வணிகக் கணக்கும் உண்டு. கார்னவாலே அருங்காட்சியகமும் தேசிய நூலகமும் நகர வரலாற்று நூலகமும் அவரிடம் படம் வாங்கின. 1906இல் நகர வரலாற்று நூலகம், பழைய பாரிசைத் தெருத்தெருவாகப் பதிந்து தரும் பணியை அவரிடம் ஒப்படைத்தது.

அவர் வேலை செய்த முறையை அறிந்தால்தான் அப்படங்களின் அழகு விளங்கும். 18க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகள், துருத்தி வைத்த மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, கறுப்புத் துணி ஆகியவை சேர்ந்தால் ஒரு கூலியாளின் சுமை. அதைத் தோளேற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்படுவார். தெருவில் ஆளும் வண்டியும் பெருகுமுன் வேலை முடியவேண்டும். ஒளியைத் தகடு உட்கொள்ள நேரம் பிடிக்கும். அதற்கிடையே நடந்து போனவர் படத்தில் பதியாமலே மறைவார், அல்லது புகைபோல் ஒரு தீற்றலாக எஞ்சுவார். உயர்ந்த கட்டடத்தை முழுதும் அடக்க வில்லையை மேலே உயர்த்துவார். அதனால் படத்தின் மேல் மூலைகள் இருண்டு வளைந்திருக்கும். தகட்டைப் பற்றிய கவ்விகளின் கருந்தடமும் ஓரத்தில் தெரியும். இவற்றை வெட்டி மறைக்க அவர் முயலவில்லை. வீடு திரும்பி, தகட்டோடு தாளைச் சட்டத்தில் பொருத்தி, வெயிலில் வைத்துப் படி எடுப்பார். மின்விளக்கு பரவிய பிறகும் கதிரவனே அவருடைய அச்சகத்தார்.

இனி அவருக்கு ஊக்கமளித்த ஊற்றுகள் எவை எனக் காண்போம். முதலாவது, கைவிட்டுப் போன மேடை. அவர் பதிந்த தெருக்கள் திரை விலகியபின் நடிகர் வருமுன் உள்ள அரங்கு போலக் காத்திருக்கின்றன. கடைக்காரர்களும் தெருவோர விற்பனையாளர்களும் தத்தம் வேடத்தில் நிற்பவர் போல நிற்கின்றனர். 1898 அளவில் எடுத்த படமொன்றில் தாடி வைத்த முதியவர் இசைப்பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றுகிறார். அருகே குள்ளமான ஓர் இளம்பெண் முகமெல்லாம் மலர வானை நோக்கிப் பாடுகிறாள். முதியவரின் சோர்வும் அப்பெண்ணின் களிப்பும் ஒரே சட்டத்துள் அமைந்து, ஒரு முழு நாடகத்தையே நடத்திவிடுகின்றன.

இரண்டாவது ஊற்று, எளிய மக்கள்பால் அவர் கொண்ட பற்று. அவர் இடதுசாரிக் கருத்தினர். தொழிலாளர்க்கென நடந்த மக்கள் பல்கலைக்கழகங்களில் நாடகம் பற்றி உரையாற்றியவர். நகர மதிலுக்கு வெளியே குப்பை பொறுக்கி வாழ்ந்தோரின் குடிசைகளையும் வண்டிகளையும் அவர் படம் பிடித்துத் தொகுப்பாக்கினார். 1910இல் பாரிஸ் வீடுகளின் உட்புறத்தைக் காட்டும் தொகுப்பொன்றைத் தேசிய நூலகத்துக்கு விற்றபோது, தம் சொந்த வீட்டறைகளையே வேறொருவர் வீடாகப் பெயரிட்டு அதில் சேர்த்திருந்தார். இதனைப் பிற்கால ஆய்வாளர் மாலி நெஸ்பிட் எடுத்துக்காட்டியுள்ளார். வாங்கியவர்க்குத் தெரியாமல் நகரத்தின் வரலாற்றில் ஓர் ஏழை நடிகனின் அறையும் இடம்பெற்றது.

மூன்றாவது ஊற்று, மறையப் போவதன்மேல் எழும் பரிவு. படம் எடுத்தபின் இடிந்துபோன வீடுகளைப் பற்றி, அவை மறைந்தன என்று படத்தோடு குறித்து வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது.

அட்ஜேயின் வெற்றுத் தெருக்களைப் பற்றி உலகம் நிறையப் பேசியுள்ளது. ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய கட்டுரையில் அவற்றைக் குற்றம் நிகழ்ந்த இடங்களோடு ஒப்பிட்டார். தமிழ் பயின்றார்க்கு இதனைப் புரிந்துகொள்ள மற்றொரு வழியும் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் தொழிலும் பிறவும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. அட்ஜே முதலையும் கருவையும் மட்டுமே படத்துள் வைக்கிறார். உரி காண்பவர் நெஞ்சில் தோன்றுகிறது. 1912இல் பதிந்த உள்ளாடைக் கடைப் படத்தில் வரிசையாக நிற்கும் இறுக்குக் கச்சைகளுக்கு வெளியே ஒன்று தொங்குகிறது. காற்றில் அசைந்தமையால் அது மட்டும் கலங்கிப் பதிந்துள்ளது. ஆளே இல்லாத அப்படத்தில் அவ்வசைவு ஒன்றே உயிரின் குறிப்பாகிறது. 1925இல் சோ பூங்காவைத் தொடர்ந்து பதிந்தபோது, சில படங்களில் மாதத்தையும் ‘காலை 7 மணி’ என்று நேரத்தையும் குறித்தார். பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்நிலத்தைச் சொல்ல இயலாது என்பதை அவரும் தம் போக்கில் கண்டிருந்தார் எனலாம்.

இவரை ஒன்றுமறியாத கைவினைஞர் என்று கருதுவோரும் உளர். அக்கருத்து பொருந்தாது. தம்மை ‘ஆசிரியர், பதிப்பாளர்’ என்றே அவர் அழைத்துக்கொண்டார். 1914இல் தொடங்கிய போர்க்காலத்தில் தொழில் ஏறத்தாழ நின்றது. வாலண்டீனின் மகன் போரில் மாண்டான். தகடுகளை நிலவறையில் வைத்துக் காத்த அட்ஜே, 1920இல் கலைத்துறை இயக்குநர் பால் லெயோனுக்கு மடல் எழுதினார். இருபதாண்டுக்கு மேலாகத் தம் சொந்த முயற்சியால் தொகுத்தது முழுமை பெற்றுவிட்டது, பழம் பாரிஸ் முழுதும் தம் கையில் உள்ளது என்பது அதன் சாரம். 2,600க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை 10,000 பிராங்குக்கு அரசு வாங்கிக்கொண்டது.

அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஓய்வு கொண்டிருந்தால் எவரும் குறைகூறார். அவரோ மறுபடியும் சுமையைத் தோளேற்றினார். சேன் க்ளூ பூங்காவின் குளங்கள், வேர் புடைத்த முதுமரங்கள், கண்ணாடிக்குள் பொம்மையும் எதிர்த்தெருவின் நிழலும் ஒன்றாய்க் கலந்த கடைமுகப்புகள் என அவருடைய படங்களில் மிகச் சிறந்தவை பல இவ்விறுதி ஆண்டுகளில் பிறந்தவை. இவற்றுட் பலவற்றைக் கேட்டு வாங்கியவர் எவரும் இலர். ஆயினும் பிறர் கேட்டதற்காக ஆயிரமாயிரம் கதவுகளையும் படிக்கட்டுகளையும் பார்த்துப் பழகிய கண் இல்லையேல் இப்படங்களும் இல்லை. தொழில் அவர் பார்வையை விலைக்கு வாங்கவில்லை. நாள்தோறும் அதைத் தீட்டிக் கொடுத்தது.

அவர் குடியிருந்த காம்பான் ப்ரெமியர் தெருவிலேயே மேன் ரே என்னும் அமெரிக்கக் கலைஞரும் வாழ்ந்தார். அவர் மூலமாக அட்ஜேயின் படங்கள் சர்ரியலிச இதழில் 1926இல் வெளிவந்தன. 1912ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை அண்ணாந்து நோக்கும் கூட்டத்தின் படம் அவ்விதழின் அட்டையை அணிசெய்தது. தம் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அட்ஜே சொல்லிவிட்டார் என மேன் ரே பிற்காலத்தில் கூறினார். இதனை அடக்கம் என்பர் சிலர். அடக்கத்தினும் மேலாக அதில் ஒரு பிடிவாதம் தெரிகிறது. வாசற்பலகையில் தாம் எழுதிய சொல்லை எந்தப் புகழுக்காகவும் மாற்றிக்கொள்ள அவர் உடன்படவில்லை.

அவ்வாண்டே வாலண்டீன் மறைந்தார். 1927இல் பெரனிஸ் ஆபட் என்னும் இளம் ஒளிப்படக் கலைஞர் முதியவரைத் தம் நிலையத்துக்கு அழைத்துப் படம் எடுத்தார். படிகளைக் காட்ட அவர் வீடு தேடிச் சென்றபோது வாசலில் பலகை இல்லை. அட்ஜே 1927 ஆகஸ்டு 4ஆம் நாள் காலமாகியிருந்தார். எஞ்சிய நெகட்டிவ்களையும் ஆயிரக்கணக்கான படிகளையும், அவற்றுக்குப் பொறுப்பாயிருந்த நாடக நண்பர் கால்மெத்திடமிருந்து 1928இல் வாங்கிய ஆபட், நாற்பதாண்டுக் காலம் அவற்றைக் காத்தார்; அச்சிட்டார்; அவற்றைப் பற்றி எழுதினார். 1968இல் அத்தொகுதி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. தம் சொந்தப் பணிக்கு நடுவே மற்றொருவரின் படைப்புக்காக இவ்வளவு உழைத்த அப்பெண்மணி இல்லையேல், இன்று இவ்வவையில் அட்ஜேயின் பெயரைச் சொல்ல வாய்ப்பு இராது.

கவிஞர் பெருமக்களே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இவ்வாழ்வு தரும் விடை தெளிவானது. கேட்டு எழுதுவதா கேளாது எழுதுவதா என்பதில் கலையின் உயர்வு தாழ்வு இல்லை. கேட்டவர் ஒரு கதவைக் கேட்டார். அட்ஜே அக்கதவோடு அதன்மேல் விழுந்த காலை ஒளியையும் சேர்த்தே கொடுத்தார். அந்த ஒளிக்கு அவர் தனியே விலை கேட்கவில்லை. மலருக்கென ஒரு பாடல் கேட்கப்படும்போது, கேட்ட அளவுக்கு எழுதி நிறுத்துவதும், கேளாத ஒன்றையும் அதில் வைத்துத் தருவதும் கவிஞர் கையில்தான் உள்ளது. மற்றொரு கடமையும் உண்டு. எழுதுவோர் பலர், காப்போர் சிலரே. இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் படிக்கப்பெற்று, நூலாகாமல், தாளோடு மங்கிக்கொண்டிருக்கும் கவிதைகள் எத்தனையோ இருக்கக்கூடும். அவற்றைத் தேடித் தொகுக்கும் பணியை அடுத்த பத்தாண்டுக்குரிய முதற்பணியாக வட்டம் ஏற்குமாயின், அதுவே இவ்விழாவுக்குத் தகுந்த சிறப்பாகும்.