ஓட்டம் முடிந்த மறுநாள்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



சமய விஷயங்கள் பேசப்படும் இந்த மேடையிலே சினிமாப் படங்களைப் பற்றிப் பேசப் புறப்பட்டது பெரியவர்கள் சிலருக்கு உவப்பாயிராது என்பதை நாம் அறிவோம். நாம் படித்த மிஷன் பாடசாலையிலும் சினிமா என்றதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆயினும் நாம் எடுத்துக்கொண்டவை சைக்கிளோட்டப் பந்தயத்தைப் பற்றிய படங்கள். சைக்கிள் நமக்கு அந்நியப் பொருள் அன்று. நெல் மூட்டை ஏறுவதும் மீன் பெட்டி ஏறுவதும் பிள்ளை பாடசாலைக்குப் போவதும் அதிலேதான்.

நாம் சிறுவராயிருந்த ஒரு சித்திரை மாதம், பாலமுனைச் சந்தியிலே பந்தயம் பார்க்க நின்றோம். அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து கல்முனை நோக்கிப் பையன்கள் பறந்து வந்தார்கள். முஸ்லிம் அன்பர்கள் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, யார் எவர் என்று பாராமல் எல்லார் தலையிலும் ஊற்றினார்கள். முன்னே வந்தவர் நமக்குத் தெரிந்த ஓர் அண்ணன். பெயர் சொல்வது முறையன்று. மட்கார்டையும் கரியரையும் கழற்றி எறிந்த சாதாரணச் சைக்கிள்தான் அவருடையது. அவ்வருடமும் வென்றார், அடுத்த வருடமும் வென்றார். இடையிலே வந்த பரீட்சைக்கு அவர் போகவில்லை. இன்று ஒரு கடையிலே மூட்டை இறக்குகிறார். ஒரு நாள் நம்மிடம், "தம்பி, கப் எடுத்த அடுத்த நாள் விடிய எழும்பினேன். என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல" என்றார்.

அந்த வார்த்தை நம்மை விட்டுப் போகவில்லை. ஆகவே பந்தயப் படம் எதைப் பார்த்தாலும், மறுநாளைப் பற்றி இது என்ன சொல்கிறது என்றே பார்க்கிறோம்.

இந்தியாவிலே இவ்வகையில் பேர்பெற்றது 1992ஆம் ஆண்டு வெளிவந்த "ஜோ ஜீத்தா வோஹி சிக்கந்தர்" என்னும் ஹிந்திப் படம். நெறிப்படுத்தியவர் மன்சூர் கான். கதாநாயகர் அமீர்கான். டெராடூன் நகரிலே பணக்காரப் பிள்ளைகளின் கல்லூரிக்கும் ஊர்ப் பிள்ளைகளின் கல்லூரிக்கும் ஆண்டுதோறும் போட்டி. கடைசியில் வருவது சைக்கிளோட்டம். பொறுப்புள்ள தமையன் அடிபட்டு வீழ, ஊர் சுற்றித் திரிந்த தம்பி அவ்விடத்தை ஏற்று வெல்கிறான். தமையன் ஆஸ்பத்திரியிலே கிடக்கும்போது தம்பிக்கு உறைக்கிறதே, அந்தக் கட்டத்திலே கண் கலங்காதவர் இரார். ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஆரவாரம், ஆலிங்கனம், படம் முடிந்தது. மறுநாள் அந்தப் பையன் என்ன செய்தான்? படத்துக்கு அக்கறையில்லை. தமிழிலே இக்கதை 2001ஆம் ஆண்டு விஜய் நடித்த "பத்ரி"யாக வந்தபோது சைக்கிளே காணாமற் போய்க் குத்துச்சண்டை வந்துவிட்டது! சைக்கிளிலே வேகம் போதாது என்று நினைத்தார்கள் போலும்.

அந்த ஹிந்திப் படத்துக்கு முன்மாதிரி என்று பலரும் சொல்வது 1979ஆம் ஆண்டின் "பிரேக்கிங் அவே" என்னும் அமெரிக்கப் படம். நெறியாளர் பீற்றர் யேட்ஸ். கதையை எழுதியவர் ஸ்டீவ் ரெசிச். அதற்காக ஒஸ்கார் பரிசும் பெற்றார். இண்டியானா சர்வகலாசாலையில் 1951ஆம் ஆண்டிலிருந்து நடைபெறும் பந்தயமொன்று உண்டு. அணிக்கு நால்வர், 200 சுற்று, 50 மைல். ரெசிச் தாமே மாணவராயிருந்த காலத்தில், 1962இல், அதில் வென்ற அணியிலே மாற்று ஓட்டக்காரராக இருந்தவர். பட்டவர் எழுதியதால் எழுத்திலே சத்தியம் இருக்கிறது.

அந்த ஊர் சுண்ணக்கல் வெட்டும் ஊர். பள்ளிக்கூடம் முடித்து வேலையின்றித் திரியும் நான்கு ஊர்ப் பையன்களைச் சர்வகலாசாலை மாணவர் "கல்வெட்டிகள்" என்று இகழ்கிறார்கள். அவர்களுள் டேவ் என்பவனுக்கு இத்தாலியச் சைக்கிள் வீரர்கள் மேல் பித்து. வீட்டிலும் இத்தாலிய மொழி பேசித் தகப்பனாரின் உயிரை வாங்குகிறான். அந்த வீரர்கள் மெய்யாகவே வந்து, இவன் தங்களோடு ஈடுகொடுத்து ஓடுவதைப் பொறுக்காமல், சக்கரத்துக்குள் பம்பைச் செருகி வீழ்த்துகிறார்கள். தெய்வமென்று கும்பிட்டவன் காலை வாரியது போல. அன்றோடு அவன் இத்தாலியம் பேசுவதை விட்டான்.

இப்படத்தின் உயிர் பந்தயத்தில் இல்லை. ஓர் இரவு தகப்பனும் மகனும் சர்வகலாசாலை வளவுக்குள் நடக்கிறார்கள். தகப்பன் முன்னே கல்வெட்டியாயிருந்தவர். இந்தக் கட்டடத்துக்குக் கல் வெட்டியவன் நான், ஆனால் கட்டி எழுந்த பிறகு இது நமக்கு ஏற்ற இடமல்ல என்று தோன்றிவிட்டது என்ற பொருள்படச் சொல்கிறார்.

ஒலுவில் நமக்கு எவ்வளவு தூரம்? 1996ஆம் ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம் வாசலிலே நிற்கிறது. நாம் சொன்ன அந்த அண்ணனின் தகப்பனார் அங்கே கொத்து வேலை செய்தவர். மகன் அந்த வளவுக்குள் ஒரு முறையேனும் போனாரா? மதிலோரமாகச் சைக்கிள் ஓடிப் பழகினார், அவ்வளவுதான். சர்வகலாசாலை மாணவராகிய நாம் இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். சந்தியிலே நின்று கைதட்டியவர்களுள் நாமும் ஒருவர். பரீட்சைக்குப் போனீர்களா என்று கேட்டவர்களுள் ஒருவரல்லோம்.

ஸ்கொத்லாந்துக்காரர் கிரேம் ஒப்ரீயின் உண்மைச் சரித்திரமும் 2006ஆம் ஆண்டு "த பிளையிங் ஸ்கொட்ஸ்மன்" என்று படமாகியது. சலவை இயந்திரத்தின் உதிரிப்பாகத்தையும் சேர்த்துத் தாமே செய்த சைக்கிளில், 1993 யூலை 17ஆம் திகதி நோர்வேயிலே ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை நிறுவினார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மன் 52.270 ஓடி அதை முறியடித்தார்! ஒப்ரீ சளைக்காமல் 1994இல் சாதனையை மீட்டார். அதே ஆண்டில் அவர் கண்டுபிடித்த ஓடும் முறையையே சர்வதேசச் சங்கம் தடைசெய்தது. இதற்கெல்லாம் மேலாக அவரை வாட்டியது மனச்சோர்வு நோய். வெற்றி அந்த நோயைத் தீர்க்கவில்லை என்பதைப் படம் மறைக்காமல் காட்டுகிறது.

எல்லார்க்கும் மறுநாள் இருண்டதென்று எண்ணவேண்டாம். 1938ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுக்களில் இந்தியாவுக்காகச் சைக்கிள் ஓடிய ஜானகிதாஸ், 1946இல் சோராப் பூத் என்பவரோடு சேர்ந்து இந்தியச் சைக்கிளோட்டச் சம்மேளனத்தை நிறுவினார். ஹிந்திப் படங்களிலே சிறு வேடங்களில் நீண்டகாலம் நடித்தும் வந்தார். கதாநாயக வேடந்தான் வேண்டுமென்று அவர் காத்திருக்கவில்லை.

சென்ற மாதம் "பிரேக்கிங் அவே" படத்தை அந்த அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். ஆங்கிலம் விளங்காத இடங்களை நாம் சொல்லிக்கொடுத்தோம். பந்தயக் கட்டத்தை அவர் பெரிதாக ரசிக்கவில்லை. பெடல் மிதிக்கும் விதத்திலே குறை கண்டார். கடைசியிலே மகன் சர்வகலாசாலையில் சேர்ந்துவிட, தொப்பை வைத்த அந்தத் தகப்பன் சைக்கிளேறி வருகிறார். அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தப் பொடியன் படிச்சு முடிச்சானா, தம்பி?" என்று கேட்டார்.

படத்திலே அது இல்லை, அண்ணே என்றோம்.