கிராமத்து நோயும் ஆராய்ச்சிப் பயிற்சியும்



காலராவோ பெரியம்மையோ ஊருக்குள் புகுந்த நாட்களில் யாரும் பறையறைந்து அறிவிக்க வேண்டியிருந்ததில்லை; ஊரே அறிந்து நடுங்கியது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அவ்விதம் வருவன அல்ல. வலியின்றி வந்து, பல்லாண்டு உடலில் குடியிருந்து, கண்ணையோ சிறுநீரகத்தையோ கெடுத்த பின்னரே தம் வரவைத் தெரிவிக்கின்றன. ஆதலின், மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணி இந்நோய்களின் அளவைக் கூறுவது, சந்தைக்கு வந்தோரை எண்ணி ஊரின் மக்கள்தொகையைக் கூறுவதை ஒக்கும்.

ஆண்டிமடத்தையே எடுத்துக்கொள்வோம். அரியலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகள் மலிந்த வட்டாரம் அது. கொட்டை பொறுக்கும் சித்திரை மாதத்தில், காலை பத்து மணிக்கு ஓர் ஆராய்ச்சியாளர் குறிப்பேட்டுடன் தெருவில் இறங்கினால் யாரைக் காண்பார்? முதியோரையும், சிறுவரையும், பூட்டிய கதவுகளையுமே காண்பார். உழைக்கும் வயதினர் கணக்கில் விடுபட்டுவிடுவர். விளக்கு வைத்த பின் மறுபடியும் அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதே பயிற்சியின் முதற் பாடமாதல் வேண்டும்.

கேள்வி கேட்பதும் ஒரு கலையே. "உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா?" என்று வினவினால், "இருந்தது, ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், போய்விட்டது" என்று விடை வரக்கூடும். அதனை 'இல்லை' என்று எழுதிக்கொள்பவர் ஒரு நோயாளியை இழந்துவிடுகிறார். "மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள், அம்மா?" என்று தொடர்ந்து கேட்பவருக்கே உண்மை கிட்டும். இரத்த அழுத்தத்தை அளப்பதிலும் இத்தகைய கவனம் வேண்டும். தோப்பிலிருந்து விரைந்து வந்தவரை ஐந்து நிமிடம் அமர்த்தி, பேசவிடாது, இருமுறை அளக்க வேண்டும். ஒருவர் எழுதிய எண்கள் யாவும் 120, 130, 140 என்று பூச்சியத்திலேயே முடியுமாயின், அவர் கருவியைப் பார்த்தாரா, மரநிழலில் அமர்ந்து எழுதினாரா என்று ஐயுறுதல் தகும்!

இவ்வகையில் சென்னைக்கு அப்பாலுள்ள சில கிராமங்களில் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி அவர்கள் செய்து காட்டிய முயற்சி நினைக்கத் தக்கது. சிறுநீரகம் பழுதான பின் கிராமத்து ஏழைக்குச் செய்யத்தக்கது மிகக் குறைவு என்பதால், பழுதாகும் முன்பே தேட முற்பட்டார். உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் இரத்த அழுத்தத்தை அளந்தனர். சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் காய்ச்சிப் பார்த்தனர். நீலம் பச்சையாகவோ, மஞ்சளாகவோ, செங்கல் நிறமாகவோ மாறினால் சர்க்கரை உண்டு என்று அறிந்தனர். கண்டறியப்பட்டோர்க்கு விலை மலிந்த மருந்துகளே தரப்பட்டன. இம்முறைக்குக் குறை இல்லாமல் இல்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பெரும்பாலும் அது சிறுநீரில் தோன்றும். தொடக்க நிலையிலுள்ள பலர் தப்பிவிடுவர். தம் கருவி எதனைக் காணாது என்பதையும் அறிந்தவரே ஆராய்ச்சியாளர்.

சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் மருத்துவர்களுக்குக் களப் பயிற்சி அளித்து வருகிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இந்நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்கின்றனர். எந்த வீட்டில் எவர் எப்பொழுது இருப்பார், எவர் மாத்திரையை வாங்கிப் பரணில் போட்டுவிடுவார் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் வேறு யாவர்? என் கருத்தில், இளம் மருத்துவ மாணவர் ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டிய இடம் நூலகமன்று. அப்பெண்களுள் ஒருவர் பின்னே மூன்று மாதம் பையைச் சுமந்து நடப்பதே. மாத்திரையை நிறுத்தியோர் எத்தனை பேர், எந்த வாரத்தில் நிறுத்தினர், யாது காரணம் என்ற மூன்று கேள்விகளுக்கு ஆண்டிமடத்தின் ஒரே ஒரு சிற்றூரில் விடை கண்டு வந்தாலும், அது நல்லதோர் ஆராய்ச்சிக் கட்டுரையாகும்.