ஓடிபி யாருக்கு வந்தது?



புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய வீட்டில் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்கு நடக்காது. கடைக்காரர் என்னவோ, "ஆன் பண்ணுங்க சார், மத்ததை அதுவே பாத்துக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார். அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நம்மை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பேச்சை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சரி, விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்க வேண்டிய நிலை.

முன்பெல்லாம் சிரமம் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய், டார்ச் அடித்து, எந்த ஒயர் எந்த ஓட்டைக்கு என்று தேட வேண்டும். 1990களின் கடைசியில் பிசி 99 என்ற வரைமுறை வந்து, கீபோர்டுக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை, மானிட்டருக்கு நீலம் என்று நிறம் பிரித்துக் கொடுத்தது. பிறகு யூஎஸ்பி பரவி, அந்தக் குழப்பத்தையும் குறைத்தது. இன்றைக்கு லேப்டாப் என்றால் ஒரே ஒரு சார்ஜர் ஒயர். எரிச்சல் ஒழிந்ததா என்றால், திரைக்கு உள்ளே குடிபோய்விட்டது.

முதலில் நாட்டைக் கேட்கும். அமெரிக்கா தேர்வாகி நிற்பதைக் கவனிக்காமல் மேலே போய்விட்டால், தேதியில் மாதம் முன்னால் வந்து நிற்கும். ஜூன் 5 கட்டிய பில் மே 6 மாதிரித் தெரியும். கீபோர்டையும் ஆங்கிலம், இந்தியா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் வலப்பக்க ஆல்ட்டோடு 4ஐ அழுத்தினால் ரூபாய்க் குறி விழும். 2010இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அவர் ஊரிலேயே அது விழவில்லை என்றால் நன்றாகவா இருக்கும்!

அடுத்தது கணக்கு. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் உள்ளே நுழைவது கஷ்டம். குறுக்குவழிகள் சில இருந்தன. ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு வீட்டில் அப்பாவுக்குக் கணக்கு இல்லை. கல்லூரிக் காலத்தில் பையன் தொடங்கிய கணக்கு ஒன்று இருக்கிறது. பையன் பெங்களூரில், ஓடிபி போவது அவன் போனுக்கு.

"தம்பி, ஓடிபி வந்துச்சா பாரு."

"மீட்டிங்ல இருக்கேன்ப்பா. அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல அது காலாவதி ஆயிடுமேடா!"

நம் வீடுகளுக்கும் இந்த இயந்திரத்துக்கும் ஒத்துவராத இடம் இதுதான். ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் நம்பர் என்று அது கணக்குப் போடுகிறது. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பா பென்ஷன் பார்ப்பார், மகள் ப்ராஜெக்ட் செய்வாள், அம்மா கல்யாண வீடியோ பார்ப்பார், பக்கத்து வீட்டுக்காரர் இ-டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருவார். 'இது யாருடையது?' என்ற கேள்விக்கு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதுதான்.

அவசரத்துக்குப் பையன் கணக்கைப் போட்டு முடித்தால் இரண்டு விஷயம் நடக்கக்கூடும். டெஸ்க்டாப்பிலும் படங்கள் ஃபோல்டரிலும் போட்டதெல்லாம் ஒன்டிரைவுக்கு, அதாவது பையன் கணக்குக்கு, ஏறத் தொடங்கும். இலவச இடம் 5 ஜிபிதான். பேத்தியின் காதுகுத்துப் படங்களிலேயே நிரம்பி, 'இடம் இல்லை' என்று தினமும் அறிவிப்பு வரும். இன்னொன்று கொஞ்சம் ஆபத்தானது. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, பூட்டிக்கொள்கிறது. பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் 48 இலக்கச் சாவி எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் உள்ளே நுழைந்த கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். வீடு இங்கே, சாவிக்கொத்து பெங்களூரில் என்ற கதை. ஆகவே பொறுமையாக, வீட்டில் இருப்பவர் பெயரில், வீட்டில் இருக்கும் போன் நம்பரில் கணக்கைத் தொடங்குங்கள். அந்த 48 இலக்கத்தைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது எழுதி வையுங்கள். மற்றவர்களுக்குத் தனித்தனி யூசர் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

512 ஜிபி டிஸ்க் என்று வாங்கியது 476 என்று காட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது. அப்டேட் ஓடும்போது 'அணைக்காதீர்கள்' என்று போடுவது உண்மையான எச்சரிக்கை. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளில் அப்டேட்டை ஆரம்பிக்கவே கூடாது.

இதையெல்லாம் தாண்டி வந்தவரை உட்காரவைப்பது தமிழ். சங்கத்துத் தீர்மானம், கோயில் கணக்கு, கல்யாணப் பத்திரிகை என்று பழைய கம்ப்யூட்டரில் அடித்த கோப்பைத் திறக்கிறார். 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு அரைப்புள்ளி. வைரஸ் என்று பதறுவார்கள். வைரஸ் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்துவைத்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டது. புதுக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. உலக மொழிகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் 1991இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அச்சகங்களும் அலுவலகங்களும் அதற்குப் பிறகும் பல வருஷம் பழைய எழுத்துருக்களிலேயே அடித்துத் தள்ளின.

விரல் பிரச்சினை வேறு. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், விண்டோஸில் 'தமிழ்' என்று பொதுவாக இருக்கும் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு எழுத்தும் பழகிய இடத்தில் இருக்காது. அது இன்ஸ்கிரிப்ட் முறை. பட்டியலில் கொஞ்சம் கீழே தமிழ்99 இருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவானது அது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். முதல் ம தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவருக்கு இதைத்தான் சொல்வேன். அறுபது வயதில் பழைய பழக்கத்தை விடச்சொல்ல எனக்கு மனசு வராது. அவர்களுக்குப் பழைய தட்டச்சு முறையையே தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற எழுத்துரு மாற்றிகள் உண்டு. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால்தான் அவை சரியாக மாற்றும். ஆகவே பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட அவசரப்படாதீர்கள். அதைத் திறந்து, எழுத்துருப் பெயரைக் குறித்துக்கொண்டு, ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகப் பென் டிரைவில் எடுத்துக்கொண்ட பிறகு கொடுக்கலாம்.