எங்கள் வீட்டின் மேல் கோடு கிழிக்க நீங்கள் யார்?



"ஊருக்கு ரோடு வருகிறது, விலகுங்கள்" என்கிறார்கள். அந்த ஊரில் நாங்கள் சேர்த்தியா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்!

அமெரிக்காவில், செயின்ட் போல் நகரில், ரொண்டோ என்றொரு பகுதி இருந்தது. கறுப்பின மக்கள் கடை வைத்து, தேவாலயம் கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து வாழ்ந்த இடம். 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. ரோடு போடும் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு மத்திய அரசின் காசு. ரயில் பாதையோரமாக ரோட்டைக் கொண்டுபோகலாம் என்று நகரத் திட்டமிடலாளர் ஒருவரே சொன்னார். யாரும் கேட்கவில்லை. ரொண்டோவை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது ரோடு. 2015இல் மேயர் மன்னிப்புக் கேட்டார். அரை நூற்றாண்டு கழித்து வந்த மன்னிப்புக்குள் எந்தக் குடும்பம் பாய் விரித்துப் படுக்கும்?

அது எங்கேயோ நடந்த கதை என்று இருந்துவிடாதீர்கள். நமது கொழும்பில், கொம்பனித்தெரு மியூஸ் வீதியை நினையுங்கள். 2010 மே 8. படையினரை நிறுத்திவைத்து வீடுகளை இடித்தார்கள். காணி உறுதி வைத்திருந்தவர்களும் தெருவில் நின்றார்கள். அதே ஆண்டில்தான் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள். வீட்டு விவகாரத்தைப் படையிடம் கொடுத்தால், வீட்டுக்காரன் எதிரியாகத்தானே தெரிவான்? தோட்டம் என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் வீடு இழந்தவர்களுக்குத் தொடர்மாடி வீடு கொடுத்தார்கள். அதற்கும் பத்து லட்சம் ரூபாயைத் தவணையில் கட்டச் சொன்னார்கள். இருந்த வீட்டைப் பறித்துவிட்டு, கடன்காரனாக்கி அனுப்புவதற்குப் பெயர் அபிவிருத்தியா?

சட்டம் எங்கே என்று கேட்கிறீர்கள். 1950ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 38ஆம் பிரிவின்படி "அவசரம்" என்று சொல்லிவிட்டால், நட்டஈடு கைக்கு வருமுன்னே வீட்டை எடுத்துவிடலாம். 2001இல் அமைச்சரவை ஒரு மீள்குடியேற்றக் கொள்கையை ஏற்றது. மக்களைப் பெயர்ப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், உறுதி இல்லாதவரையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது அது. அருமையான கொள்கை! ஆனால் இன்னும் சட்டமாகவில்லை.

எதிர்த்தால் பயனில்லை என்பவர்களுக்கும் பதில் உண்டு. தெற்கு அதிவேகப் பாதையின் தடத்தைக் காணிக்காரரைக் கேளாமல் மாற்றினார்கள். அந்த மக்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களின் உரிமை மீறப்பட்டது என்று 2004இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதை நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் கேளாமல் எடுத்தது தவறு என்று நாட்டின் உச்ச மன்றம் எழுதிவைத்தது. அதை எழுத வைத்தவர்கள் நம்மைப் போன்ற குடும்பங்கள்!

நாங்கள் ரோட்டுக்கு எதிரிகள் அல்ல. நமது பிள்ளைகளும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். 2001ஆம் ஆண்டுக் கொள்கையைச் சட்டமாக்குங்கள். வரைபடம் வரையுமுன் எங்களைக் கேளுங்கள். புது வீட்டைக் கட்டி அதில் எங்களைக் குடியேற்றிய பிறகு பழைய வீட்டில் கை வையுங்கள்.

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை உறவுகளே, இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வீட்டில் வாழ்கிறீர்கள் என்பதற்குச் சான்றாக மின்சார பில், தண்ணீர் பில், வாக்காளர் இடாப்பு, எல்லாவற்றையும் இன்றே ஒரு உறைக்குள் போட்டு வையுங்கள். ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால் முழுத் தோட்டமும் அந்த வாசலில் நிற்கட்டும். யாரும் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள்!