குதிரைசக்தி மட்டும் பார்த்தால் போதுமா?



பிரிக்ஃபீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். இறங்கியதும் கெத்தாம் தீவுக்குப் போகும் படகுத்துறை வந்துவிடும். அந்தக் கரையில் கட்டிக் கிடக்கும் சிறு படகுகளின் பின்புறம் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எஞ்சின் தொங்கும். மலாயில் அதற்கு 'எஞ்சின் சங்குட்' என்று பெயர். தொங்கவிடும் எஞ்சின் என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் வார இறுதியில் தூண்டில் போடப் போகும் நம் இளைஞர்கள் பலர் பழைய படகும் பழைய எஞ்சினும் வாங்குகிறார்கள். வாங்கும்போது கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, இது எத்தனை குதிரைசக்தி?" அனுபவமுள்ள மெக்கானிக் உடனே பதில் சொல்ல மாட்டார். "தம்பி, கீழே எத்தனை பல் இருக்கிறது என்று கேளுங்கள்" என்பார். இன்றைய பேச்சு அந்தப் பற்களைப் பற்றியது.

எஞ்சினின் தலை மேலே இருக்கிறது. புரொப்பெல்லர் தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நெட்டுக்குத்தாக ஒரு தண்டு இறங்கி வருகிறது. அதன் அடியில் சிறிய பல்சக்கரம். அது படுக்கைவாட்டில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. இவை இருக்கும் பகுதியைத்தான் லோவர் யூனிட் என்கிறார்கள். பெரிய சக்கரத்தின் பல் எண்ணிக்கையைச் சிறியதன் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது கியர் விகிதம்.

யமாஹா 15 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதில் 13 பல், பெரியதில் 27 பல். விகிதம் 2.08. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் சுமார் 2400 சுற்றுதான் சுற்றும். வேகம் பாதிக்கும் கீழே குறைகிறது. ஆனால் திருப்பும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. கப்சாய் மோட்டார் சைக்கிளில் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கினால் மேடு ஏற லேசாக இருக்கும், ஆனால் நெடுஞ்சாலையில் ஓடாது. அதே கணக்குத்தான் இதுவும்.

அதே நிறுவனம் பாரமான படகுகளுக்கென்று தனியாகச் செய்த 9.9 குதிரைசக்தி எஞ்சினில் விகிதம் 2.92. சக்தி குறைவு, ஆனால் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றி அதிகத் தண்ணீரைத் தள்ளும். மறுபுறம், பந்தயப் படகுகளின் லோவர் யூனிட்களில் விகிதம் ஒன்றுக்கு அருகில்கூட இருக்கும். அங்கே படகு லேசு; வேகம்தான் தேவை.

அப்படியானால் விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. பெரிய சக்கரம் பெரிதாக வளர்ந்தால் அதைச் சுமக்கும் கூடும் பருத்துவிடும்; தண்ணீரில் இழுவை கூடும். சின்னதில் பல்லைக் குறைத்தால் பலம் குறையும். வடிவமைப்பாளர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும்.

பழைய எஞ்சின்களில் இந்த வேறுபாடு அதிகம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டில் தம் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது ஏறக்குறைய ஒன்றரை குதிரைசக்தி. பிறகு ஜான்சன், எவின்ரூட் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அவர்களின் பழைய 18 குதிரைசக்தி எஞ்சினில் 12க்கு 21 பல், அதாவது 1.75. 1960களின் 40 குதிரைசக்தியில் 12க்கு 29 பல், அதாவது 2.42. அந்த நிறுவனம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் திவாலானது. எவின்ரூட் பெயரில் எஞ்சின் தயாரிப்பதும் 2020ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் உடைந்த ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு யூனிட்களுக்குள் வெவ்வேறு பற்கள் இருக்கலாம். 2.08 இருந்த இடத்தில் தெரியாமல் 1.75 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய புரொப்பெல்லரே இருந்தால் எஞ்சினுக்குச் சுமை கூடிவிடும். 5000 சுற்றை எட்ட வேண்டிய எஞ்சின் எட்டாமல் முக்கும். த்ராட்டலை முழுக்கத் திறந்தும் படகு எழும்பாது. பெட்ரோல் குடிக்கும், கரி படியும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மாறாக, விகிதம் கூடிய யூனிட் வந்து புரொப்பெல்லர் சிறியதாகவே இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிக் கத்தும். இரண்டுமே எஞ்சினைக் கொல்லும்.

பட்டறையில் இது நடந்தால் பண நஷ்டத்தோடு போகும். கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் நடந்தால்? நீர் வற்றும் நேரம், சேற்றுத் திட்டு ஒருபுறம், கப்பல் போகும் பாதை இன்னொருபுறம், படகில் மூன்று நண்பர்கள். அப்போது எத்தனை குதிரைசக்தி என்று எழுதியிருந்தாலும் பயனில்லை.

இதைத் தவிர்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னோக்கிய கியரில் போடுங்கள். புரொப்பெல்லரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழியுங்கள். மேலே இருக்கும் ஃபிளைவீலை, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே, கையால் மெதுவாக 27 முறை சுற்றுங்கள். புரொப்பெல்லர் 13 முறை சுற்றினால் விகிதம் 2.08. ஏறக்குறைய பதினைந்தரை முறை சுற்றினால் 1.75. ஒன்பதே கால் முறை என்றால் 2.92. ஐந்து நிமிட வேலை.

விகிதம் மாறியிருந்தால் எஞ்சினைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. புரொப்பெல்லரை மாற்றினால் போதும். 2.08க்கு 10 அங்குல பிட்ச் இருந்தது என்றால் 1.75க்கு எட்டரை அங்குலம் அளவில் பாருங்கள். பிறகு வழக்கமான சுமையோடு, கரையோரமாக ஓட்டி, முழு த்ராட்டலில் எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன சுற்றை எட்டுகிறதா என்று டேகோமீட்டரில் பாருங்கள். அதுதான் கடைசித் தீர்ப்பு.

இன்னும் இரண்டு குறிப்புகள். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சீலை மாற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள். ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் ஜோடியையே மாற்றுங்கள். 13ம் 27ம் பொது வகுஎண் இல்லாத எண்கள். ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்தித்துச் சேர்ந்தே தேய்ந்திருக்கும். புதியதோடு பழையதைச் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

அடுத்த முறை பழைய எஞ்சின் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சாக்பீஸைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் சுற்றிப் பார்க்க விடவில்லை என்றால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள். வாங்கிப் பொருத்திய பிறகும் படகில் எத்தனை பேரோ அத்தனை உயிர்காப்பு அங்கி இல்லாமல் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.